எந்த ஒழுங்கைக்கு முதலில் நிதி கேட்பது? வன்னிக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வீதி வேலைக்கு நிதி வருகிறது என்ற தகவல் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாகத்தான் கிராமத்துக்கு வந்து சேரும். “ரெண்டு றோட்டு தெரிவு செய்து நாளைக்குள்ள பேரைத் தாங்கோ” என்பார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரும் செயலாளரும் உடனே ஞாபகத்துக்கு வருகிற இரண்டு வீதிகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளில் வேறு எதைத்தான் செய்வது? ஆனால் அப்படிக் கொடுக்கிற வீதி எப்போதும் சந்தியடியில், கோயிலடியில், பிரதான வீதியோடு ஒட்டியிருக்கிற வீதியாகவே அமைந்துவிடுகிறது. ஏற்கனவே ஓட்டோ போகிற பாதை இன்னும் நல்லதாகிறது, குளக்கட்டுக்குக் கீழே பதினைந்து வீடுகளுக்குப் போகிற ஒழுங்கை இன்னொரு மாரிக்கும் சேறாகவே கிடக்கிறது.

இதை மாற்ற வேண்டுமென்றால் தெரிவு, காசு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், இளைஞர் கழகம், பிரதேச சபை உறுப்பினர் என்று யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம்.

முதலில் அந்த வீதி யாருடையது என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் எழுதிய விண்ணப்பம் மாதக்கணக்கில் மேசை மேசையாகப் போய்க் கடைசியில் திரும்பி வரும். ஏ9, பரந்தன் முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34, மன்னார் பூநகரிப் பக்கத்து ஏ32 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. கிராமத்துக்குள் இருக்கிற உள்வீதிகளும் ஒழுங்கைகளும் அநேகமாகப் பிரதேச சபையின் கையில்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் கீழ் இருக்கிற ஊர்களில் சனம் தினமும் நடக்கிற பாதை உண்மையில் வாய்க்கால் வீதியாகவோ குளக்கட்டாகவோ இருக்கும், அது நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. சிறு குளங்களும் வயல் பாதைகளும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பக்கம் போகும். காட்டு ஓரக் குடியிருப்புகளில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் ஒழுங்கைக்கு நடுவிலேயே நிற்பதும் உண்டு. உரிமையுள்ள திணைக்களத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பிரதேச சபை அந்தப் பாதையில் காசு செலவழிக்க முடியாது, செலவழித்தால் பிறகு கணக்காய்வில் கேள்வி வரும்.

ஆகவே பிரதேச சபைக்குப் போய் வீதிப் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் ஒழுங்கை அதில் இருக்கிறதா, என்ன பெயரில் இருக்கிறது, எவ்வளவு நீளம், கடைசியாக எப்போது அதற்கு நிதி ஒதுக்கினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்கினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பதிவேட்டில் இல்லாத ஒழுங்கை என்றால் அதைப் பதிவிக்கிற வேலையை இன்றைக்கே தொடங்குங்கள், ஏனென்றால் மிகவும் ஏழ்மையான ஒழுங்கைகள்தான் பெரும்பாலும் பதிவில் இல்லாமல் இருக்கின்றன. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய இடங்களில் வீட்டுத்திட்டத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப்போன உழவு இயந்திரத்தின் தடமே பிறகு ஒழுங்கையாகிவிட்டது. வீடு வந்தது, பாதைக்கு ஒரு பெயர்கூட வரவில்லை.

கடைசி வீட்டிலிருந்து நடந்து வாருங்கள்

வீதி பார்க்கப் போகிறவர்கள் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நூறு மீற்றர் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கமாகத் தொடங்குங்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரரோடு கதைத்து, அங்கிருந்து பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் பஸ் எடுக்கிற இடத்துக்கும் அவர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே நடந்து வாருங்கள்.

கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை நடக்க வேண்டும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் உள்ள மழையில் பார்க்காத ஒழுங்கையைத் தெரிவு செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. ஓகஸ்ட் மாதத்தில் எல்லா ஒழுங்கையும் ஒரே மாதிரிப் புழுதியாகத்தான் இருக்கும். மாரியில்தான் எது பள்ளிப் பிள்ளை சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற ஒழுங்கை, எது வெறும் குண்டும் குழியுமான ஒழுங்கை என்ற வித்தியாசம் தெரியும்.

மழை விட்ட மறுநாள் போனால் வேலிக் கதியால்களில் தண்ணீர் நின்ற தடம் மண்ணிறக் கோடாகத் தெரியும். நிலத்திலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று நாடாவால் அளந்து, எந்த வீட்டு வேலி என்பதோடு எழுதுங்கள். பழைய வெள்ளத்துக்கு 2018 டிசம்பரை அடையாளமாகக் கேளுங்கள். இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்த அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை, எந்தத் திண்ணை வரைக்கும் தண்ணீர் வந்தது என்று கையால் தொட்டே காட்டுவார்கள்.

கடைசி வீட்டில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மாரியில் எத்தனை நாள் வெளியே போக முடியாமல் இருந்தது? 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் வீட்டு வாசல் வரைக்கும் வருமா, வராவிட்டால் எந்த இடத்தில் நிற்கும், நோயாளியை அங்கு வரைக்கும் எப்படிக் கொண்டுபோகிறார்கள்? குடிதண்ணீர்ப் பவுசர் உள்ளே வருமா? கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு எப்படிப் போனார்? இருட்டிய பிறகு யானை வருகிற ஒழுங்கையா? இந்தப் பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். “கர்ப்பிணியைக் கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு போனது” என்ற ஒரு வரி, “போக்குவரத்து வசதி குறைவு” என்று எழுதுகிற பத்து வரிகளை விடத் தெளிவாக விளங்கும்.

யாருக்குப் பயன் என்பதை வீடு வீடாக எண்ணுங்கள்

“பின்தங்கிய மக்கள்” என்று விண்ணப்பத்தில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். வன்னியில் முழுக் கிராமமுமே பின்தங்கியது என்று சொல்லிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது கிராமத்துக்குள்ளேயே இருக்கிற வித்தியாசம் மறைந்துபோகிறது. ஒவ்வொரு ஒழுங்கையிலும் எத்தனை வீடு, அதில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எத்தனை, போரில் காலோ கையோ கண்ணோ இழந்தவர்கள் எத்தனை பேர், தனியே இருக்கிற முதியவர்கள், கைக்குழந்தைகள், நாட்கூலிக்குப் போகிற குடும்பங்கள், காணி உத்தரவுப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் எத்தனை என்று எண்ண வேண்டும்.

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைக் கட்டாயம் தனியாகக் கவனியுங்கள். இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் காணிப் பத்திரம் இல்லாமல், குடியேற்றத் திட்டங்களின் ஓரத்தில் இருக்கிறவர்கள் அவர்களில் பலர். பத்திரம் இல்லாததால் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாததால் வீதியும் இல்லை. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலை மட்டும் வைத்து எண்ணாதீர்கள், கிடைக்க வேண்டியவர்களில் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். பட்டியலை ஒரு துணையாக வைத்துக்கொண்டு நேரில் போய்ச் சரிபாருங்கள்.

கை மிதி வண்டியில் போகிற ஒருவரோடு அந்த ஒழுங்கையில் கூடவே போய்ப் பாருங்கள். மணலில் சில்லுப் புதைகிற இடம், மதகு இல்லாத பள்ளத்தில் அவர் இறங்க முடியாமல் நிற்கிற இடம் எல்லாம் உங்கள் வரைபடத்தில் வர வேண்டும். செயற்கைக் கால் போட்டவருக்குச் சேறு என்றால் என்ன என்பதும் அவரோடு நடந்தால்தான் தெரியும். பாதம் சேற்றில் பிடிபட்டால் மேலே பட்டி கழன்றுவிடும், அதனால் அவர்கள் மழைக்காலத்தில் வெளியே போவதையே விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள், ஆட்களின் பெயரையும் உடல்நிலையையும் எழுதி அலுவலகம் அலுவலகமாகச் சுற்றவிட வேண்டாம்.

தண்ணீருக்கு வழி செய்த பிறகே மேற்பரப்பு

இந்த இடத்தில்தான் அதிகமான காசு வீணாகிறது. கொங்கிரீட் வீதி என்றால் எல்லோருக்கும் சந்தோஷம், திறப்பு விழாவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் வன்னி நிலம் தட்டை. வடிகால் இல்லாமல் ஒழுங்கையை ஓரடி உயர்த்திக் கொங்கிரீட் போட்டால், முன்பு ஒழுங்கையில் நின்ற தண்ணீர் இப்போது இரு பக்கமும் இருக்கிற வளவுகளுக்குள் போய் நிற்கும், பள்ளத்தில் இருக்கிற ஏழை வீட்டுக் குசினிக்குள்தான் முதலில் போகும். உதவி செய்யப் போய் உபத்திரவம் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு ஒழுங்கைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் போய் விழுகிறது என்று கையால் ஒரு வரைபடம் கீறுங்கள். குளம் வான் பாய்ந்தால் எந்தப் பக்கம் வரும், பழைய வாய்க்காலை யாராவது அடைத்து வேலி போட்டிருக்கிறார்களா, எந்த இடத்தில் மதகு வேண்டும் என்பதை ஊரிலே இருக்கிற பழைய கமக்காரர் ஒருவரைக் கேட்டால் அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார். அவர் சொன்னதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள். மிகப் பல ஒழுங்கைகளுக்கு இரண்டு மதகும், பக்க வாய்க்காலும், நடு உயர்ந்து இரு பக்கமும் சரிகிற மாதிரி உருட்டி இறுக்கிய கிரவலும் போதும். மண்ணையும் பாருங்கள். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அந்த மண்ணுக்கு மேல் அடித்தளம் செய்யாமல் மெல்லிய கொங்கிரீட் போட்டால் அதுவும் சேர்ந்து வெடிக்கும்.

ஒப்பிடுவது எப்படி

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதலாவது ஒழுங்கை சந்தியிலிருந்து 200 மீற்றர், 40 வீடு, தண்ணீர் நிற்பதில்லை. இரண்டாவது 450 மீற்றர், 14 வீடு, அதில் 6 பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், நடக்க முடியாதவர்கள் 2 பேர், மாரியில் கிழமைக்கணக்கில் துண்டிக்கப்படுகிறது, இரண்டு மதகு வேண்டும். மூன்றாவது 300 மீற்றர் வயல் பாதை, வீடு இல்லை, காலபோக அறுவடைக்கு உழவு இயந்திரம் போக வேண்டும்.

அலுவலகத்தில் வழக்கமாக வீட்டுக்கு எவ்வளவு செலவு என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் முதலாவது ஒழுங்கையில் வீட்டுக்கு 5 மீற்றர், இரண்டாவதில் 32 மீற்றர். இரண்டாவது ஒழுங்கை இந்த வருடம் மட்டுமில்லை, எந்த வருடமும் வெல்லாது. வீடுகள் ஐதாக இருக்கிற வன்னியில் இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு எப்போதுமே வீதி வராது.

அதனால் நான் சொல்வது, நூறு புள்ளியில் 30 புள்ளியை மாரியில் துண்டிக்கப்படுகிற நாட்களுக்கும், 30 புள்ளியை அங்கே இருக்கிறவர்களின் நிலைக்கும் கொடுங்கள். பாடசாலை, கிளினிக், அம்புலன்ஸ், பவுசர் போக முடியுமா என்பதற்கு 20, முன்பு ஒருபோதும் நிதி கிடைக்காத ஒழுங்கைக்கு 10, செய்த வேலை நிலைத்து நிற்குமா என்பதற்கு 10. செலவைப் புள்ளிக்குள் கொண்டுவர வேண்டாம். முதலிடம் வந்த ஒழுங்கைக்குக் காசு போதாவிட்டால் அதைத் துண்டுகளாகப் பிரியுங்கள். அந்த இரண்டாவது ஒழுங்கையில் இரண்டு மதகும், மிகவும் பள்ளமான 150 மீற்றருக்குக் கிரவலும் முதற்கட்டம், மிச்சம் அடுத்த வருடம். மூன்றாவது வயல் பாதையைக் கைவிட வேண்டியதில்லை, அதைக் கமநல சேவை நிலையத்துக்குக் கமக்காரர் அமைப்பு மூலம் அனுப்புங்கள். ஒரே கதவில் மூன்று விண்ணப்பத்தையும் கொண்டுபோய் நிறுத்துவதால்தான் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன.

கூட்டத்தை அந்த ஒழுங்கையிலேயே வையுங்கள்

பொதுநோக்கு மண்டபத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்கள் சந்தியடி ஆக்கள்தான், அவர்கள் கை உயர்த்துகிற வீதியே தெரிவாகும். கடைசி வீட்டு மரத்தடியில், வேலை முடிந்து வந்து இருட்டுப்படுவதற்கு முன்னால் வையுங்கள். புள்ளித் தாளைப் பெரிய கடதாசியில் எழுதித் தொங்கவிட்டு எல்லோர் முன்னாலும் போடுங்கள். தலைவருடைய வீடோ செயலாளருடைய வீடோ இருக்கிற ஒழுங்கை பட்டியலில் இருந்தால் அதற்கு அவர்கள் புள்ளி போடக்கூடாது. பெண்கள் கூட்டத்தில் பேசத் தயங்கினால் மாதர் சங்கத்தின் மூலம் அவர்களோடு தனியே இன்னொரு தடவை கதையுங்கள், தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகவும் அந்த ஒழுங்கையில் அதிகம் நடக்கிறவர்கள் அவர்கள்தான். கூட்ட அறிக்கையில் வந்தவர்களின் கையொப்பம், எந்த ஒழுங்கைக்கு என்ன புள்ளி, யார் மறுத்தார்கள் என்பது எல்லாம் இருக்கட்டும்.

வேலி விஷயத்தையும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மூன்று மீற்றர் வீதி, இரு பக்கமும் வாய்க்கால் என்றால் குறைந்தது ஐந்து மீற்றர் வேண்டும். யாருடைய வேலி பின்னுக்குப் போக வேண்டுமோ அவரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள், கிராம அலுவலரின் ஒப்பமும் இருக்கட்டும். வாய்ச் சம்மதம் உழவு இயந்திரம் வந்து நிற்கிற நாளில் மாறிப்போகும். வேலியைப் பின்னுக்கு எடுப்பதை ஏழைக் குடும்பத்தின் செலவில் விட்டுவிடாமல் கதியாலும் முள்ளுக்கம்பியும் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். முகமாலை போன்ற கண்ணிவெடிப் பகுதிகளில் ஓரத்து மண்ணைக் கிண்டுவதற்கு முன் அந்த இடம் துப்புரவாக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று மாவட்டச் செயலகத்தில் உறுதி செய்யாமல் ஒரு மண்வெட்டிகூட வைக்கக் கூடாது.

மதிப்பீடும் காலமும்

பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு மதிப்பீடு செய்விக்க வேண்டும். அதற்கு முன் நீங்களும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருங்கள். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 45 கன மீற்றர். கிரவல் என்றால் அது ஏறத்தாழ 16 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), ஆனால் உருட்டும்போது தணியும் என்பதால் 20 கியூப் அளவில் கொட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் எத்தனை டிப்பர் வந்தது என்று எண்ணுவதற்கு ஒரு பள்ளிப் பிள்ளையே போதும்.

எங்கே கேட்பது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். பிரதேச சபையின் சொந்த வருமானம், மாகாண நன்கொடைகள், பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டு உதவித் திட்டங்கள் என்று பல வழி உண்டு. உலக வங்கி உதவியோடு நடந்த நெல்சிப் (வடக்கு கிழக்கு உள்ளூர் சேவைகள் மேம்பாட்டுத் திட்டம்) என்பதும் 2019இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி (உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம்) என்பதும் பிரதேச சபைகள் ஊடாக வந்தவை, அவற்றில் மக்கள் பங்குபற்றித் தெரிவு செய்த சான்று கேட்கப்பட்டது. மேலே சொன்ன கூட்ட அறிக்கையும் புள்ளித் தாளும் உங்களிடம் இருந்தால் எந்தத் திட்டம் வந்தாலும் அன்றைக்கே கொடுக்கலாம்.

நிதி ஆண்டு டிசம்பர் 31ஓடு முடிகிறது. ஒதுக்கீடு நடு வருடத்தில் வந்து, கேள்வி (டெண்டர்) கோரி, ஒப்பந்தம் எழுதி முடிக்க ஒக்டோபர் ஆகிவிடும், அப்போதுதான் மாரி தொடங்கும். மழைக்குள் அவசரமாகப் போட்ட கிரவல் அந்த மாரியிலேயே வாய்க்காலுக்குள் போய்விடும். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஜூன் மாதத்துக்குள் மதிப்பீடு, சம்மதக் கடிதங்கள், திணைக்கள அனுமதிகள், வரைபடம், படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவைக்குள் போட்டு வைப்பதுதான்.

வேலை நடக்கும்போது

மதிப்பீட்டின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். அகலத்தையும் தடிப்பையும் நாடாவால் ஐம்பது மீற்றருக்கு ஓர் இடத்தில் அளந்து எழுதுங்கள். கொங்கிரீட் என்றால் சீமெந்து மூட்டைகளை மதிப்பீட்டோடு ஒப்பிட்டு எண்ணுங்கள், வெறும் பைகளை வேலை முடியும் வரைக்கும் எறிய விடாதீர்கள். எங்கள் வெயிலுக்குக் கொங்கிரீட்டைச் சாக்கால் மூடிக் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும், இதை ஒழுங்கையில் இருக்கிற வீடுகளே முறை வைத்துச் செய்யலாம். சங்கமே சமூக ஒப்பந்தமாக வேலையை எடுத்தால் அந்த ஒழுங்கைப் பெண்களுக்கும் கூலி கிடைக்கும்படி பாருங்கள், சிரமதானம் என்ற பெயரில் நாட்கூலிக் குடும்பங்களை ஊதியமில்லாமல் மறிக்கக் கூடாது. கொடுப்பனவில் உத்தரவாதமாகப் பிடித்து வைக்கிற காசை ஒப்பந்தகாரருக்கு விடுவிப்பதற்கு முன் ஒரு முழு மாரி கடந்திருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு மணல், கிரவல் டிப்பர்கள் குறுக்குப் பாதையாக அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு நுழைவாயிலில் நிறைக் கட்டுப்பாட்டுப் பலகை போடப் பிரதேச சபையைக் கேளுங்கள். மதகுகளை ஒவ்வொரு செப்டம்பரிலும் துப்புரவாக்க இரண்டு பேரின் பெயரை எழுதி வையுங்கள்.

இந்த வருடம் தெரிவாகாத ஒழுங்கைகளின் புள்ளித் தாளையும் அதே கோவையில் வையுங்கள். ஒவ்வொரு மாரி முடிந்ததும் அவற்றைத் திரும்ப நடந்து பார்த்துப் புள்ளியைப் புதுப்பிக்க வேண்டும். சங்க நிர்வாகம் மாறும்போது கோவையும் கைமாற வேண்டும், ஒரு பிரதி சங்கச் செயலாளரிடமும் இன்னொன்று மாதர் சங்கத்திடமும் இருந்தால் ஒருவர் ஊரில் இல்லாத நாளில் தொலைபேசி வந்தாலும் மற்றவர் எடுத்துக் கொடுக்கலாம்.